கவியரங்கமும் திறந்த மேடையும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

கவிதை கண்ணுக்கு உரியதா, காதுக்கு உரியதா என்பது நம் தமிழ் மன்றத்தில் அவ்வப்போது எழும் வினா. இயற்பியல் படிக்கும் ஒருத்திக்கு இதில் என்ன அக்கறை என்று சிலர் கேட்கக்கூடும். எங்கள் வீட்டில் புத்தகம் படிக்கத் தெரிந்தவர்கள் நானும் தம்பியும் மட்டுமே. அப்பா கொத்தனார்; கையெழுத்துப் போடுவார். அம்மாவுக்கு அதுவும் இல்லை, கைநாட்டுத்தான். கவிதை கண்ணுக்கு மட்டுமே உரியது என்று தீர்ப்பாகிவிட்டால், எங்கள் வீட்டில் பாதிப் பேருக்கு அதில் பங்கு இல்லை என்றாகிவிடும். அதனால்தான் கடந்த ஓராண்டில் சேலத்தில் இருமுறையும் கோவையில் ஒருமுறையும், ‘ஓப்பன் மைக்’ என்று இளைஞர்கள் அழைக்கும் திறந்த மேடைக் கவிதை நிகழ்ச்சிகளுக்குச் சென்று வந்தேன். அங்கே நடப்பது என்ன, அது எங்கிருந்து வந்தது, நம் மண்ணில் அதற்கு முன்னோடி உண்டா என்பவற்றை எனக்குத் தெரிந்த அளவில் எழுதுகிறேன்.

முதலில் நடைமுறை. ஒரு தேநீர்க் கடையின் மாடி, நாற்பது நாற்காலிகள், ஒரு மைக், ஒரு விளக்கு. நுழைவுக் கட்டணம் 150 ரூபாய், தேநீர் உட்பட. படிக்க விரும்புவோர் வாசலிலேயே பெயர் கொடுத்துவிட வேண்டும். ஒருவருக்கு ஐந்து நிமிடம். தலைவர் கிடையாது, பொன்னாடை கிடையாது, வாழ்த்துரை கிடையாது. (இந்த ஒன்றுக்காகவே அந்த 150 ரூபாயைக் கொடுக்கலாம்.) பாதிப் பேர் ஆங்கிலத்திலும் மீதிப் பேர் தமிழிலும் படித்தார்கள். பலர் கையில் தாள் இல்லை, கைப்பேசிதான் இருந்தது. சிலர் அதுவும் இன்றி மனப்பாடமாகவே சொன்னார்கள். நல்ல வரி வந்தால் கைதட்டாமல் விரலைச் சொடுக்குகிறார்கள். படிப்பவரின் குரலைக் கைதட்டல் அமுக்கிவிடக் கூடாது என்பதற்காகவாம். நம் ஊரில் விரல் சொடுக்கினால் ஆளைக் கூப்பிடுகிறார்கள் என்று பொருள். எனக்கு அது பழகச் சற்று நேரம் பிடித்தது.

இந்த வழக்கம் இப்போதைய வடிவில் அமெரிக்காவிலிருந்து வந்தது. சிகாகோ நகரில் கட்டட வேலை செய்துவந்த மார்க் ஸ்மித் என்பவர், கவிதைக் கூட்டங்கள் படித்தவர்களுக்கு மட்டுமான மௌன வழிபாடாகிவிட்டன என்று சலிப்புற்று, 1986-இல் ‘கிரீன் மில்’ என்னும் இசை விடுதியில் கவிதைப் போட்டி ஒன்றைத் தொடங்கினார். கூட்டத்திலிருந்தே ஐந்து பேரைப் பிடித்து நடுவராக்குவார்கள், புலமை பார்ப்பதில்லை. ஒவ்வொருவரும் பத்துக்கு மதிப்பெண் இடுவர். அதிக மதிப்பெண்ணையும் குறைந்த மதிப்பெண்ணையும் நீக்கிவிட்டு நடுவிலுள்ள மூன்றைக் கூட்டுவார்கள். மூன்று நிமிடத்துக்கு மேல் நீட்டினால் மதிப்பெண் குறையும். கடைசி மதிப்பெண்களை நீக்கும் முறை, நாங்கள் ஆய்வகத்தில் அளவீடுகள் எடுக்கும்போது விலகி நிற்கும் அளவைத் தள்ளிவிடுவது போன்றது, எனக்குப் பிடித்திருந்தது. திறந்த மேடையில் இந்தப் போட்டி இல்லை. யாரும் ஏறலாம் என்ற ஒன்றுதான் அங்கே விதி.

நிற்க. கவிதையை ஊரார் முன் சொல்லிக் காட்டுவது நமக்குப் புதிதன்று. நூல் இயற்றியவர் அவையில் அரங்கேற்றிய பிறகே அது நூலாகும் என்பது நம் பழைய மரபு. செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னையில் சதாவதானம் செய்து காட்டினார். பலர் கேட்கும் பல வினாக்களை மனத்தில் இருத்தி, ஈற்றடி கொடுத்தால் வெண்பா பாடி, இடையில் முதுகில் விழும் நெல்லையும் எண்ணிச் சொல்வது அவதானக் கலை. அங்கே தாளுக்கு இடமே இல்லை. வடக்கே உருதுக் கவிஞர்களின் முஷாயிரா உண்டு. பாட வேண்டியவர் முன் மெழுகுவத்தியைக் கொண்டுவந்து வைப்பது அதன் பழைய வழக்கம்.

நம் காலத்துக்கு அருகில் இருப்பது கவியரங்கம். இன்றைய மாணவர் பலர் அதைப் பார்த்ததில்லை. ஆகவே சற்று விரித்துச் சொல்கிறேன். ஒரு பொதுத் தலைப்பு இருக்கும். அதைப் பகுத்து ஒவ்வொரு கவிஞருக்கும் ஓர் உட்தலைப்புத் தருவார்கள். தலைவர் முதலில் தலைமைக் கவிதை படிப்பார்; பிறகு ஒவ்வொருவரையும் கவிதையாலேயே அழைப்பார். வருபவர் தலைவரைக் கவிதையாலேயே வணங்குவார். சில சமயம் கிண்டலும் செய்வார். ஒவ்வோர் அடியையும் இருமுறை சொல்வது வழக்கம். முதல்முறை செவிக்கு, மறுமுறை சிந்தைக்கு. இரண்டாம் முறை சொல்லும்போது கூட்டம் அடியின் முடிவைத் தானே ஊகித்துக் கவிஞருக்கு முன்பே ஆரவாரிக்கும். கண்ணதாசன், கலைஞர் மு. கருணாநிதி, அப்துல் ரகுமான் போன்றோரின் கவியரங்கங்களுக்கு மக்கள் மாநாட்டுப் பந்தல்களில் திரண்டார்கள். பொங்கல் நாளில் வானொலியில் கவியரங்கம் கேட்ட தலைமுறை இன்னும் நம் வீடுகளில் இருக்கிறது. பந்தலுக்கு நுழைவுச் சீட்டு இல்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் குறையையும் சொல்லியாக வேண்டும்: போகப்போகப் பாதி நேரம் தலைவரைப் புகழ்வதிலேயே கழிந்தது. அந்த இடத்தைப் பட்டிமன்றம் பிடித்துக்கொண்டதில் வியப்பில்லை.

சேலம் நாமக்கல் சமவெளிக்கு இதில் தனிப் பங்குண்டு. மந்திரி குமாரி (1950) வெளியான காலத்தில் கலைஞர் உரையாடல் எழுதியது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில். கண்ணதாசனும் அங்கே பணியாற்றியவரே. அதற்கும் முன்பு, மோகனூரில் 1888-இல் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளை இருக்கிறார். 1930 ஏப்ரல் 13 அன்று, சேலத்தில் வழக்கறிஞராக இருந்த இராஜாஜியின் தலைமையில் தொண்டர்கள் திருச்சியிலிருந்து வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்கள் நடந்துகொண்டே பாடியது நாமக்கல் கவிஞர் எழுதிக் கொடுத்த பாட்டு. வழியில் நின்று கேட்ட உழவர்களில் எத்தனை பேருக்கு எழுத்துத் தெரிந்திருக்கும்? ஆயினும் பாட்டு அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. 1949-இல் அவர் சென்னை அரசின் ஆஸ்தான கவிஞரானார். தலைமைச் செயலக வளாகத்திலுள்ள பத்து மாடிக் கட்டடம் இன்று அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

இங்கே என் பாடத்தைக் கொஞ்சம் நுழைக்க அனுமதியுங்கள். திறந்த வெளியில் தூரம் இரு மடங்கானால் ஒலியின் செறிவு நான்கில் ஒரு பங்காகிறது. மைக் இல்லாத நாளில் கடைசி வரிசைக்குப் பாதிச் சொற்கள்தான் எட்டியிருக்கும். மீதியை ஊகிக்கத் துணைசெய்தவை எதுகையும் மோனையும் என்பது என் எண்ணம். ‘கல்வி’ என்று ஓர் அடி தொடங்கினால், அடுத்த அடியின் முதற்சொல்லில் இரண்டாம் எழுத்து ‘ல்’ என்று காது காத்திருக்கும். ‘செல்வி’ அரைகுறையாகக் கேட்டாலும் பிடிபட்டுவிடும். மைக் வந்ததும் இந்தத் தேவை குறைந்தது. குரலின் அதிர்வு மெல்லிய தகட்டை அசைக்க, அதனோடு இணைந்த கம்பிச்சுருள் காந்தப் புலத்தில் அசைந்து மின்னோட்டமாகிறது. முணுமுணுப்பும் கடைசி வரிசைக்குப் போகிறது. இன்றைய மேடையில் ஒருவர் தாழ்ந்த குரலில், பேசுவதைப்போலக் கவிதை சொல்ல முடிவது இதனால்தான்.

கவிதை மேடைக்கு உரியதன்று என்ற கட்சியும் தமிழில் வலுவாக இருந்தது. சி. சு. செல்லப்பா 1959-இல் தொடங்கிய ‘எழுத்து’ இதழ் வளர்த்த புதுக்கவிதை, தனியே இருந்து படிப்போருக்கானது. 1971-இல் கோவையிலிருந்து வந்த ‘வானம்பாடி’ கவிஞர்கள் அதே புதுக்கவிதையை மக்களை நோக்கித் திருப்பினார்கள். சேலம் தமிழ்நாடன் அவர்களுள் ஒருவர். எழுத்து வழியின் நுட்பத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் எங்கள் வீட்டுக் கணக்கில் நான் வானம்பாடிகளின் பக்கம்.

சேலத்து நிகழ்ச்சியில் ஒரு மாணவர், கிளீனராகத் தொடங்கி லாரி ஓட்டுநரான தம் தந்தையைப் பற்றிப் படித்தார். தந்தை வீட்டுக்கு வரும் நாட்களை எண்ணி வளர்ந்த பிள்ளையின் கதை. அவர் அனுமதியோடு அதைக் கைப்பேசியில் பதிவு செய்துகொண்டுபோய் அம்மாவுக்குப் போட்டுக் காட்டினேன். அம்மா நடவுப் பாட்டும் ஒப்பாரியும் தெரிந்தவர். முழுவதும் கேட்டுவிட்டு, “நல்லாத்தான் சொல்றான். ஆனா ராகம் போட்டா நாமளும் கூடச் சேந்துக்கலாம். இதுல அவன் மட்டுந்தான் சொல்லோணும், நாம சும்மா இருக்கோணுமா?” என்றார். எதிர்ப்பாட்டும் குலவையும் இல்லாத பாட்டு அவருக்குப் பாதிப் பாட்டு. கவியரங்கத்தில் அடியை இருமுறை சொன்னது ஏன் என்று எனக்கு அப்போதுதான் நன்றாக விளங்கிற்று. சற்றுப் பொறுத்து, “ஏம் புள்ள, அந்தப் பையனோட அம்மா அங்க வந்திருந்தாளா?” என்று கேட்டார். வரவில்லை. லாரி ஓட்டுநர் எவரும் வந்திருக்கவில்லை. ஓட்டுநரைப் பற்றிய கவிதையைக் கேட்டவர்கள் பெரும்பாலும் கல்லூரி மாணவரும் கணிப்பொறி வேலை செய்வோருந்தான்.

இன்னொன்று, பெண்களின் எண்ணிக்கை. கவியரங்க மேடையிலும் சௌந்தரா கைலாசம் போன்ற சிலரே ஏறினார்கள். திறந்த மேடையில் தடை எதுவும் இல்லை. ஆனால் நிகழ்ச்சி மாலை ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதரைக்கு முடிகிறது. எங்கள் ஊருக்குக் கடைசிப் பேருந்து எட்டே முக்கால். இரண்டு முறையும் சேலத்தில் என் பெயர் பட்டியலில் பதினாறுக்கு அப்பால் இருந்ததால், படிக்காமலே எழுந்து வந்தேன். கோவையில் அத்தை வீட்டில் தங்கியதால் மட்டுமே மேடையேற முடிந்தது. யாரும் ஏறலாம் என்ற விதி, பேருந்து உள்ளவர் யாரும் ஏறலாம் என்றே நடைமுறையில் இருக்கிறது.

ஆகவே நம் தமிழ் மன்றத்துக்கு ஒரு வேண்டுகோள். மாதம் ஒருநாள், வகுப்பு முடிந்து இரண்டு மணி முதல் மூன்றரை வரை, திறந்த மேடை நடத்தலாம். மைக் நம் அரங்கில் இருக்கிறது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றால் இரையாது. ஒருவருக்கு ஐந்து நிமிடம். விரும்பும் அடியை இருமுறை சொல்லலாம். கட்டணம் வேண்டாம். பெற்றோரையும் அழைக்கலாம், அவர்களுள் பாட்டுத் தெரிந்தவர்கள் இருந்தால், பட்டியலில் அவர்கள் பெயரை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். என் அம்மா வருவதாகச் சொல்லியிருக்கிறார், வேலை இல்லாத நாளாக இருந்தால்.