தலையணைக்கு அடியில் செல்போனா?

போன சித்திரையில் ஒரு விடியற்காலை. மகன் படுத்திருந்த அறையிலிருந்து கருகல் வாடை. ஓடிப்போய்த் தலையணையைத் தூக்கினால், சார்ஜில் கிடந்த செல்போன் தொட முடியாத சூடு! பின்பக்கம் பூரி மாதிரி உப்பியிருந்தது. விரிப்பில் பழுப்பாக ஒரு வட்டம். நல்லவேளை, பிள்ளை தள்ளிப் படுத்திருந்தான்.

"முழுசா ஏறினதும் அதுவா நின்னுடும்மா" என்றான்.

பழுது பார்க்கும் கடைக்காரத் தம்பி சிரித்தார். "நிக்கும்தான் அக்கா. ஆனா தலையணைக்கு அடியில சூடு எங்க போகும்?"

லித்தியம் அயான் பாட்டரிக்கு முதல் எதிரி சூடுதான். உள்ளே இரண்டு தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் தாள். சுற்றிலும் எளிதில் பற்றும் திரவம். சூடு மீறினால் வாயு உண்டாகி உப்பும். தாள் உருகி, தகடுகள் ஒட்டினால் தீதான்!

சகோதரிகளே, நான் இப்போது கடைப்பிடிப்பவை இவை:

* மெத்தை, சோபா வேண்டாம். மேஜை மேல், காற்றுபடும்படி வைத்து சார்ஜ் போடுங்கள்.

* போனுக்கு ஏற்ற நல்ல சார்ஜர்தான் வேண்டும். மலிவாகக் கிடைக்கிறதென்று கண்டதையும் வாங்காதீர்கள்.

* 'முழுசா தீர்ந்த பிறகுதான் போடணும்' என்பது பழைய நிக்கல் காட்மியம் பாட்டரிக்குச் சொன்னது. இதற்கு 20 சதவீதத்தில் போட்டு, 80-ல் எடுத்தால் ஆயுசு கூடும்.

* வெகுநாள் உபயோகிக்காத பவர் பாங்க்கைப் பாதி சார்ஜோடு, வெயில் படாத இடத்தில் வையுங்கள்.

* மின்சார ஸ்கூட்டரை ஓட்டி வந்த சூட்டோடு சார்ஜ் போடாதீர்கள், ஆறட்டும். வாசலை, மாடிப்படியை மறித்தும் வேண்டாம். தீப்பிடித்தால் வெளியேற வழி வேண்டுமே!

* உப்பின பாட்டரியை அமுக்காதீர்கள், குத்தாதீர்கள், மறுபடி சார்ஜ் போடாதீர்கள். குப்பைத்தொட்டியிலும் போடக்கூடாது, சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

* புகை கிளம்பினால், முதலில் குழந்தைகளோடு வெளியே வந்து கதவைச் சாத்துங்கள். அந்தப் புகை விஷம். பிறகு 101-க்குப் போன் செய்யுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லாருடைய போனுக்கும் ஹால் மேஜைதான் இடம். ராத்திரி காஸை மூடியாச்சா என்று பார்க்கும்போதே, சார்ஜர் சுவிட்சையும் அணைத்துவிடுகிறேன். மகன் முணுமுணுக்கிறான். முணுமுணுத்துவிட்டுப் போகட்டும், நான் நிம்மதியாகத் தூங்குகிறேன்!