நிரனிறையும் கணினி அட்டவணையும்

செய்யுளிற் சொற்கள் கிடக்கும் முறை ஒன்று. அவற்றுக்குப் பொருள் கொள்ளும் முறை பிறிதொன்று. நன்னூலார் கூறும் பொருள்கோள் எட்டனுள் நிரனிறையும் ஒன்றென்பதை எம்மிடம் பயின்றோர் மறந்திரார். ‘கையும் காலும் எழுதவும் நடக்கவும் உதவும்’ என்றவிடத்து, முறையே இணைத்து, கை எழுதவும் கால் நடக்கவும் உதவும் என உரைக்கின்றோம். இடம் மாறினும் பொருள் மாறுவதில்லை. இணை மாறினாலோ கால் எழுதத் தொடங்கிவிடும்.

இவ்விலக்கணம் கணினிக்கும் பொருந்துமென்பதை, புதுக்கடையில் எம் இல்லத்துக்கு வந்த பழைய மாணவர் ஒருவர் வாயிலாக உணர்ந்தோம். இலங்கைக் குடிசனத் தொகைமதிப்பு விபரங்களை அவர் ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரது அட்டவணையில் மாவட்டத்துக்கு ஒன்றாக 25 நிரைகளும், 1981, 2001, 2012, 2024 என ஆண்டுக்கு ஒன்றாக நான்கு நிரல்களும் இருந்தன. வகுப்புப் புள்ளியேட்டில் மாணவனுக்கு ஒரு நிரையும் தவணைக்கு ஒரு நிரலும் இடுகின்றோமன்றோ? அதனைப் போன்றதே இது. ஒரே அலகுகளைப் பல காலங்களில் அளந்து பெறும் இத்தகைய விபரங்களைப் ‘பனல்’ தரவு என்பர்.

இவ்வகன்ற அமைப்புக் கண்ணுக்கு இனியது. ஆயினும், காலந்தோறும் நிகழும் மாற்றத்தைக் கணிக்கும் மென்பொருட் கட்டளைகள் பெரும்பாலும் நீண்ட அமைப்பையே வேண்டுகின்றன. அதில் மாவட்டம், ஆண்டு, குடித்தொகை என நிரல்கள் மூன்றே. ஒரு மாவட்டத்தின் ஓராண்டுக்கு ஒரு நிரை. ஆகவே 25 நிரைகள் 100 ஆகும். ஸ்டேட்டா என்னும் மென்பொருளில் ‘ரீஷேப்’ கட்டளையும், ஆர் என்பதில் ‘பிவட் லோங்கர்’ கட்டளையும் இதனை நொடியில் முடிக்கும். ஸ்டேட்டாவுக்கு அலகைக் குறிக்கும் நிரல் எது, ஆண்டைத் தாங்கவுள்ள புதிய நிரலின் பெயர் யாது என்று சொல்லல் வேண்டும். ஒரு மாவட்டப் பெயர் இருமுறை வந்திருப்பின் அது கட்டளையை ஏற்க மறுத்துவிடும்.

ஆனால் எல்லாப் பிழையையும் கணினி தடுப்பதில்லை. 2001ஆம் ஆண்டுத் தொகைமதிப்பு 18 மாவட்டங்களிலேயே முழுமையாக நடைபெற்றது. போர்ச் சூழலால் வடக்குக் கிழக்கின் ஏழு மாவட்டங்களில் நிறைவுறவில்லை. அகன்ற அட்டவணையில் அவ்வேழு கட்டங்களும் வெறுமையாய்க் கிடந்து, இங்கே எண்ணப்படாதோர் உளர் என்று அறிவிக்கும். வெற்றுக் கட்டங்களை நீக்குமாறு பணித்து மாற்றினாலோ 93 நிரைகளே எஞ்சும். அந்த ஏழும் இருந்த சுவடே தெரியாது. வெற்றிடத்திற் சுழியம் இடுவது இதனினும் பெரும்பிழை. எண்ணப்படாமை வேறு, இல்லாமை வேறு.

இன்னொன்று இணைப் பிழை. 1981இல் யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 830,552. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். பிற்கால எல்லைப்படி பிரித்தால் 1981இன் தொகை யாழ்ப்பாணத்துக்கு 738,788, கிளிநொச்சிக்கு 91,764 ஆகும். 2012இல் யாழ்ப்பாணத்தின் தொகை 583,882. பெயர் ஒன்றாயிருப்பது கண்டு பழைய தொகையோடு இதனை ஒப்பிட்டால் வீழ்ச்சி 246,670. உரிய இணையோடு ஒப்பிட்டால் 154,906. எல்லைக்கோடு நகர்ந்ததனாற் பிரிந்த 91,764 பேரையும் ஊரிழந்தோர் கணக்கிற் சேர்ப்பது தகுமோ?

எம் மாணவர் பெரிய எண்ணையே எழுதிவைத்திருந்தார். பிழையை உணர்ந்ததும் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், “ஐயா, எங்கள் குடும்பமும் அந்தக் குறைவுக்குள்ளேதான் இருக்கிறது. உள்ள இழப்பே போதும், கூட்டிச் சொன்னால் உள்ளதையும் நம்பமாட்டார்கள்” என்றார்.

ஆதலின் இத்துறையிற் புகும் மாணவர்க்கு யாம் கூறுவது இதுவே: மாற்றுமுன் நிரைகளை எண்ணுக, மாற்றியபின் மீண்டும் எண்ணுக, வெற்றிடங்களை வெற்றிடங்களாகவே காக்க, பெயர் ஒன்றாயினும் எல்லை ஒன்றோவென வினவுக. பொருள்கோள் அறியாது உரை எழுதுவோன் புலவனுக்குத் தீங்கு செய்கிறான். இணை பாராது அட்டவணை மாற்றுவோன் மக்களுக்கே தீங்கு செய்கிறான்.