2025 இன் சிறந்த கைக்கடிகாரங்கள்: ஜெனீவாவிலிருந்து புறக்கோட்டை வரை

புறக்கோட்டைக்குள் நுழைபவர்களின் கண்ணில் முதலில் படுவது ஒரு மணிக்கூடு. பம்பாயிலிருந்து வந்து கொழும்பில் வர்த்தகம் செய்த பார்சிக் குடும்பமொன்றின் பிள்ளைகள், தந்தையின் நினைவாக 1923 இல் கட்டிக்கொடுத்த கான் மணிக்கூட்டுக் கோபுரம் அது. அதைத் தாண்டிப் பிரதான வீதியில் நடந்தால், ‘ரோலெக்ஸ்’ என்று எழுதிய கைக்கடிகாரங்களைச் சில ஆயிரம் ரூபாவுக்கு வாங்கலாம். அவை ரோலெக்ஸ் இல்லை என்பது விற்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும்.

அப்படியானால் உண்மையான ஒன்றுக்கு ஏன் பல இலட்சம் ரூபா கொடுக்கிறார்கள்? கைத்தொலைபேசியே நேரத்தைச் சரியாகக் காட்டும் காலத்தில் சாவி கொடுத்து ஓடும் கடிகாரம் எதற்கு? 2025 இல் என்னைக் கவர்ந்த கடிகாரங்களைச் சொல்வதற்கு முன், இந்தக் கேள்விக்குப் பதில் தேவை.

இயந்திரக் கைக்கடிகாரத்துக்குள் பற்றரி இல்லை. சுருட்டி வைக்கப்பட்ட ஒரு வில் இருக்கிறது. சாவி கொடுக்கும்போது அது இறுகுகிறது. பிறகு மெல்ல மெல்ல விரிந்து பல்சக்கரங்களைச் சுற்றுகிறது. வில் ஒரேயடியாக விரிந்துவிடாமல், முன்னும் பின்னும் ஆடும் ஒரு சிறு சக்கரம் அதைத் துளித்துளியாக விடுவிக்கிறது. நாம் கேட்கும் ‘டிக் டிக்’ அந்தச் சத்தம்தான். ஒட்டோமற்றிக் என்றால் கை அசையும்போது வில் தானாகவே இறுகும். ‘பதினேழு கல்’, ‘இருபத்தொரு கல்’ என்று கடைகளில் சொல்வது, சக்கரங்களின் அச்சு தேயாமல் இருக்க வைக்கும் செயற்கை மாணிக்கக் கற்களை. அவற்றுக்கு நகைப் பெறுமதி கிடையாது.

1969 டிசம்பர் 25 அன்று ஜப்பானின் சீக்கோ நிறுவனம் ‘அஸ்ட்ரோன்’ என்ற முதலாவது குவாட்ஸ் கைக்கடிகாரத்தை விற்பனைக்கு விட்டது. பற்றரியில் ஓடும் குவாட்ஸ், எந்த இயந்திரக் கடிகாரத்தையும் விடத் துல்லியமானது. விலையும் சில ஆண்டுகளில் மிகவும் இறங்கியது. சுவிட்சர்லாந்தில் பல்லாயிரம் தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். தப்பிய நிறுவனங்கள் நேரத்தை விற்பதை விட்டு, கைவேலையையும் பெயரையும் விற்கத் தொடங்கின. இன்றைய விலையின் பெரும்பகுதி அதற்குத்தான்.

இனி என் தெரிவுகள். முதலாவது, 2025 இல் ஜெனீவா கடிகார விழாவின் உயர் விருதைப் பெற்ற பிரெகே நிறுவனத்தின் ‘கிளாசிக் சூஸ்கிரிப்சியோன்’. நிறுவனத்தின் 250 ஆவது ஆண்டுக்காக வந்தது. அதில் ஒரேயொரு முள்தான் உண்டு. அதைப் பார்த்தே மணியையும் நிமிடத்தையும் கணிக்க வேண்டும். 1790களில் பிரெகே இதன் மூல வடிவத்தை விற்ற முறை நம்மவர்களுக்குப் புரியும். விலையில் காற்பங்கை முன்பணமாக வாங்கி, அந்தக் காசிலேயே கடிகாரத்தைச் செய்துகொடுத்தார். இயன்றளவு எளிமையான இயந்திரம் என்பதே அதன் சிறப்பு.

இரண்டாவது, ரோலெக்ஸின் ‘லேண்ட் டுவெல்லர்’. பழைய கடிகாரங்கள் நொடிக்கு ஐந்து தடவை துடிக்கும். இன்றைய பெரும்பாலானவை ஆறு அல்லது எட்டுத் தடவை. இது பத்துத் தடவை துடிக்கிறது. அதற்காக, வில்லின் விசையை விடுவிக்கும் பகுதியையே புதிதாக வடிவமைத்திருக்கிறார்கள். மூன்றாவது, வஷெரோன் கொன்ஸ்டன்ரின் செய்த ‘சொலாரியா’. 1,521 பாகங்கள், 41 விதமான செயற்பாடுகள். செய்ததே ஒன்றுதான். அதைப் படத்தில் பார்த்து வியக்கலாம்.

நாலாவது தெரிவுக்கு ஜெனீவாவை விட்டு வரவேண்டும். 1963 இல் அறிமுகமான ‘சீக்கோ 5’ ஒட்டோமற்றிக் இன்றும் வருகிறது. மத்திய கிழக்கில் உழைத்துத் திரும்பியவர்கள் கொண்டுவந்த இந்தக் கடிகாரம் எத்தனையோ வீடுகளில் இருக்கிறது. ஐந்தாவது, ‘எச்.எம்.ரி ஜனதா’. ஜப்பானின் சிற்றிசன் நிறுவனத்தின் உதவியுடன் 1961 இல் பெங்களூரில் கடிகாரம் செய்யத் தொடங்கிய இந்திய அரசு நிறுவனத்தின் தயாரிப்பு. அந்தக் கடிகாரப் பிரிவை மூட 2016 இல் முடிவெடுத்தார்கள். நாளுக்கொரு தடவை சாவி கொடுக்க வேண்டும். பழுதானால் பழைய இயந்திரங்களிலிருந்து பாகம் எடுத்துப் பூட்டலாம்.

கடைசி இரண்டையும் ஆடம்பரப் பட்டியலில் சேர்ப்பது சிலருக்குச் சிரிப்பாக இருக்கலாம். ஆனால் சாவி கொடுத்து ஓடும் கடிகாரத்தின் பெறுமதியை அனுபவத்தில் அறிந்தவர்கள் நாங்கள். 1990 இல் வடக்கின் மீது பொருளாதாரத் தடை விதிக்கப்பட்டபோது பற்றரியும் தடைசெய்யப்பட்ட பொருட்களில் ஒன்று. சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. 1996 இல் அரசாங்கம் நாட்டின் நேரத்தை மாற்றியது. புலிகளின் கட்டுப்பாட்டுப் பகுதி பழைய நேரத்திலேயே இருந்தது. 2006 ஏப்ரலில் அரசாங்கம் பழைய நேரத்துக்குத் திரும்பும் வரை, ஒரே தீவுக்குள், பெரும்பாலான காலம் அரை மணி வித்தியாசத்தில், இரண்டு நேரங்கள். ஓமந்தையைக் கடந்தவர்கள் முள்ளைத் திருப்பிக்கொண்டே கடந்தார்கள்.

அந்தக் காலத்தைக் கண்ட கடிகாரமொன்று உங்கள் வீட்டு அலுமாரியிலும் நின்றுபோய்க் கிடக்கக்கூடும். அப்பாவுடையதாக, அண்ணாவுடையதாக, திரும்பி வராத ஒருவருடையதாக. படங்கள் எல்லாம் தொலைந்த வீடுகளில் அவர் தொட்ட பொருளாக அது மட்டுமே மிஞ்சியிருக்கலாம். அதைத் திருத்த நினைப்பவர்கள் சில விடயங்களைக் கவனிக்க வேண்டும்.

நீண்ட காலம் நின்ற கடிகாரத்துக்கு உடனே சாவி கொடுக்காதீர்கள். உள்ளே இருக்கும் எண்ணெய் காய்ந்திருக்கும். அப்படியே ஓடவிட்டால் பாகங்கள் தேயும். முழுவதும் கழற்றித் துப்புரவாக்கி, புதிய எண்ணெய் இடவேண்டும். திருத்துபவரிடம் கொடுக்கும் முன் பின்மூடியைத் திறக்கச் சொல்லி, உள்ளிருக்கும் இயந்திரத்தையும் அதிலுள்ள இலக்கங்களையும் படம் எடுத்து வையுங்கள். திருப்பி வாங்கும்போது ஒப்பிட்டுப் பார்க்கலாம். ‘இயந்திரத்தை மாற்றிவிட்டால் செலவு குறைவு’ என்று சொன்னால், எது மாற்றப்படுகிறது என்பதைக் கேளுங்கள். இயந்திரம் போனால், உங்களிடம் மிஞ்சுவது கோது மட்டுமே.

முகப்புக்குப் புது வர்ணம் பூசவோ, கோதை மினுக்கவோ சம்மதிக்காதீர்கள். மங்கிய எழுத்தும் கீறல்களும் அதை அணிந்தவரின் நாட்களில் விழுந்தவை. மினுக்கினால் திரும்ப வராது. உள்ளே துரு ஏறி, இனி ஓடாது என்று சொன்னாலும் எறியாதீர்கள். காற்றுப் புகாத சிறு பெட்டியில், ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொதியுடன் வையுங்கள். யாருடையது, எந்த ஆண்டு, எப்படிக் கிடைத்தது என்று ஒரு கடதாசியில் எழுதி உடன் வையுங்கள். அடுத்த தலைமுறைக்கு அந்தக் கடதாசி கடிகாரத்தை விட முக்கியம்.

பழையதொன்றைப் புறக்கோட்டையில் வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். நொடிமுள் நொடிக்கொரு தடவை துள்ளினால் அது பெரும்பாலும் குவாட்ஸ். வழுக்கிக்கொண்டு ஓடினால் மட்டும் அசல் என்று நம்பிவிடாதீர்கள். போலிகளுக்குள்ளும் இப்போது ஒட்டோமற்றிக் இயந்திரம் வருகிறது. ஐம்பது வருடப் பழைய கோதில் முகப்பு மட்டும் பளபளவென்று இருந்தால், அது அண்மையில் வர்ணம் பூசப்பட்டது. வாங்கலாம், ஆனால் அந்த விலைக்கு மட்டும்.

நல்ல கடிகாரம் எது என்று கேட்டால், முப்பது வருடம் கழித்தும் ஒருவர் திறந்து திருத்தக்கூடியது என்பேன். அந்தக் கணக்கில் பிரெகேயும் ஜனதாவும் ஒரே வரிசையில்தான் நிற்கின்றன. ஆனால் திருத்தத் தெரிந்த கைகள் குறைந்துகொண்டு வருகின்றன. உங்கள் வீட்டில் ஒன்று இருந்தால், அதை அடுத்த வருடத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.