காரின் ஆயுட்கணக்கு

தேன்கனிக்கோட்டையிலிருந்து வடக்கே மத்திகிரி வழியாக ஒசூருக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 25 கிலோமீட்டர் நீளமுள்ளது. பெரும்பாலும் மேட்டுநிலத்தின் மீதே சமமாக ஓடுவது. தெற்கே அஞ்செட்டிக்குப் போகும் சாலையோ, காப்புக்காடுகளின் ஊடே வளைந்து வளைந்து பள்ளத்தாக்கில் இறங்குவது. ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதத்தில் பிறந்த இரண்டு கார்களை ஒரே நாளில் வாங்கி, ஒன்றை ஒசூர்ச் சாலையிலும் மற்றொன்றை அஞ்செட்டிச் சாலையிலும் பத்தாண்டுகள் ஓட்டினால், ஆர்.சி. புத்தகம் இரண்டுக்கும் ஒரே வயதைச் சொல்லும். கிலோமீட்டர் காட்டும் கருவியும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டக்கூடும். எனினும் கிளட்ச் பிளேட்டைக் கழற்றிக் கையில் எடுத்துப் பார்க்கும் மெக்கானிக்கின் கண்ணுக்கு அவ்விரண்டும் ஒரே வயதுடையன அல்ல. காரை எப்போது மாற்றுவது என்ற கேள்விக்கு ஆண்டையோ கிலோமீட்டரையோ மட்டும் கொண்டு விடை சொல்ல முற்படுவோர் இந்தப் பிரத்தியட்ச உண்மையை மறந்துவிடுகிறார்கள்.

ஒரு காலத்தில் நம் நாட்டில் இந்தக் கேள்வியே எழவில்லை. அம்பாசடர், பியட், சென்னையில் உற்பத்தியான ஸ்டாண்டர்டு ஹெரால்டு ஆகிய மூன்றுக்கு மேல் தேர்ந்தெடுக்க வகையில்லாமலும், பணம் கட்டிய பின்னரும் வண்டிக்காக நெடுநாள் காத்திருக்க வேண்டியும் இருந்த நாட்களில், கையிலுள்ள வண்டியை எவ்வளவு காலம் காப்பாற்றலாம் என்பதே ஒவ்வொருவருடைய சிந்தனையாகவும் இருந்தது. போர் போட்டு, ரிங் செட் மாற்றி, டிங்கரிங் செய்து, வர்ணம் பூசி, தந்தை ஓட்டிய வண்டியை மகனும் ஓட்டினான். 1983 டிசம்பரில் மாருதி 800 வெளிவந்த பிறகே மாற்றுதல் என்ற எண்ணம் நடுத்தரக் குடும்பங்களில் நுழைந்தது. இன்றோ மாதத் தவணையும் எக்ஸ்சேஞ்ச் சலுகையும் வாசலுக்கே வந்து அழைக்கின்றன. ஆகவே கணக்கு அறிந்திருப்பது முன்னெப்போதையும்விட இப்போது அவசியமாகிறது.

அந்தக் கணக்கு அரிதன்று. ஒரு யந்திரத்துக்காக நாம் செய்யும் செலவில் இரண்டு ஓட்டங்கள் உண்டு. ஒன்று குறைந்துகொண்டே வருவது, மற்றொன்று ஏறிக்கொண்டே போவது. விலை வீழ்ச்சி முதல் ஆண்டுகளில் மிக வேகமாகவும், பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் வண்டியின் மதிப்பை நிர்ணயிக்கக் கையாளும் அட்டவணையைப் பாருங்கள்: ஆறு மாதம் முடியுமுன் 5 சதவீதமும், ஓர் ஆண்டுக்குள் 15 சதவீதமும் கழிக்கிறார்கள்; ஐந்தாம் ஆண்டில் சரிபாதியையே கழித்துவிடுகிறார்கள். ரிப்பேர்ச் செலவோ இதற்கு நேர்மாறாக, தொடக்கத்தில் ஒன்றுமில்லாததுபோல் இருந்து, பின்னர் ஆண்டுக்கு ஆண்டு உயர்வது. இவ்விரண்டையும் கூட்டி, ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுத்தால் வரும் சராசரிச் செலவு முதலில் இறங்கி, ஓரிடத்தில் அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு மெல்ல ஏறத் தொடங்கும். அடுத்த ஓர் ஆண்டு ஓட்டுவதற்கு ஆகும் செலவு அந்தச் சராசரியைத் தாண்டுகிற தருணமே யந்திரத்தை மாற்றுவதற்குரிய தருணம். ஹெரால்டு ஹோட்டலிங் என்ற அமெரிக்கப் பேரறிஞர் தேய்மானத்தைப் பற்றிய பொதுக் கணிதக் கொள்கை ஒன்றை 1925ஆம் ஆண்டிலேயே வகுத்தளித்தார்.

தேன்கனிக்கோட்டையிலிருந்து ஒசூர் சிப்காட்டுக்கு நாள்தோறும் காரில் வேலைக்குச் சென்று திரும்பும் ஒருவரை உதாரணமாகக் கற்பித்துக்கொள்வோம். நாளைக்கு 50 கிலோமீட்டர். ஆண்டுக்கு 300 நாட்கள் என்றால் 15,000 கிலோமீட்டர். அவருடைய பழைய வண்டி இன்று 1,60,000 ரூபாய்க்கு விலைபோகும். அடுத்த ஆண்டு 1,40,000க்குப் போகும். ஆகவே விலை வீழ்ச்சி 20,000, ரிப்பேர் 40,000, இன்ஷூரன்ஸ் 6,000, மொத்தம் 66,000 ரூபாய். புதிய வண்டியை 8 லட்சத்துக்கு வாங்கிப் பத்தாண்டு ஓட்டி 1,50,000க்கு விற்றால், ஆண்டுக்கு விலை வீழ்ச்சி 65,000, ரிப்பேர் சராசரி 20,000, இன்ஷூரன்ஸ் 15,000, மொத்தம் 1 லட்சம் ரூபாய். பழையது லிட்டருக்கு 14 கிலோமீட்டரும் புதியது 18 கிலோமீட்டரும் கொடுப்பதாகக் கொண்டு, பெட்ரோலை லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தால், பழைய வண்டி ஆண்டுக்கு 23,800 ரூபாய் எரிபொருளை அதிகமாகக் குடிக்கிறது. அதையும் சேர்த்துக் கூட்டினாலும் 90,000க்குள்ளேயே நிற்கிறது. எட்டு லட்சத்துக்கான வட்டியை இன்னும் நாம் கணக்கில் சேர்க்கவேயில்லை! அதே மனிதர் பெங்களூரு வரை சென்று வருபவராய், ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர் ஓட்டுபவராய் இருந்தால், எரிபொருள் வித்தியாசமே இரட்டிப்பாகிறது. ரிப்பேரும் உடன் ஏறுகிறது. அப்போது தராசு புதிய வண்டியின் பக்கம் சாயத் தொடங்குகிறது.

இந்தக் கணக்கில் ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். ரிப்பேர்ச் செலவை நாம் ஒப்பிட்டது புதிய வண்டியின் ஆண்டுச் செலவோடு. பழைய வண்டியின் விலையோடு அன்று. “ஒன்றரை லட்சம்கூடப் பெறாத வண்டிக்கு அறுபதாயிரம் செலவா?” என்று கேட்டு மலைத்துப்போய் விற்றுவிடுகிறவர்கள் பலர். விபத்தில் சேதமான வண்டியின் ரிப்பேர், காப்புறுதி செய்த மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் இன்ஷூரன்ஸ் கம்பெனி அதை முழு நஷ்டமென்று தள்ளிவிடுவது உண்மையே. ஆனால் அது நஷ்ட ஈடு கொடுப்பவரின் கணக்கு. வண்டியை ஓட்ட வேண்டியவரின் கணக்கு வேறு. அறுபதாயிரத்தில் செய்த இன்ஜின் வேலை நான்காண்டு உழைக்குமாயின், அதன் ஆண்டுச் செலவு பதினைந்தாயிரமே. இதற்கு எதிர்ப்புறத்திலும் ஒரு மயக்கம் உண்டு. “போன மாதம்தானே நாற்பதாயிரம் கொட்டினேன், இப்போது எப்படி விற்பது?” என்று தயங்குவது அது. கொட்டிய பணம் போய்விட்டது. இனி வரப்போகும் செலவு மட்டுமே ஆலோசனைக்குரியது.

இனி, வரப்போகும் செலவை எவ்வாறு முன்னறிவது? வண்டி தானாகவே பல அடையாளங்களைக் காட்டுகிறது. சைலன்சரிலிருந்து நீலப்புகை தள்ளினால், பிஸ்டன் ரிங்குகளோ வால்வு சீல்களோ தேய்ந்து, ஆயில் எரிய வேண்டாத இடத்தில் எரிகிறதென்று பொருள். கரும்புகை பெட்ரோல் மிகுதியாய்ப் பாய்வதைக் காட்டுவது. இது பெரும்பாலும் சிறு செலவில் தீரும். இன்ஜின் சூடேறிய பின்னும் வெண்புகை நில்லாமல், ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகிக்க வேண்டும். அனுபவமுள்ள மெக்கானிக் இன்ஜினை ஓடவிட்டு ஆயில் மூடியைத் திறந்து, அங்கிருந்து புகை குபுகுபுவென்று வருகிறதா என்று பார்ப்பார். பிறகு ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரெஷன் அளவை வைத்து, ஒன்றுக்கொன்று எவ்வளவு வேறுபடுகிறது என்று சொல்வார். எல்லாம் ஒத்திருந்தால் அந்த இன்ஜினுக்கு இன்னும் ஆயுள் உண்டு.

இன்ஜினைவிட அஞ்சத்தக்கது துரு. இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றுக்குத் தனிச் சட்டம் கிடையாது. தகட்டு உடலே சட்டமாகவும் நின்று பாரம் தாங்குகிறது. அடித்தளத்திலும், ஷாக் அப்சார்பர் வந்து முட்டும் இடங்களிலும் அந்தத் தகடு அரித்துப்போனால், மற்ற எந்த உறுப்பையும் மாற்றுவதுபோல் அதை மாற்ற இயலாது. கடலுக்குத் தொலைவில், ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்திலுள்ள இந்தப் பீடபூமி, துருவின் விஷயத்தில் வண்டிகளுக்கு அனுகூலமானது. சென்னைக் கடற்கரையோரம் பத்தாண்டு உப்புக்காற்றில் நின்ற வண்டியை விலை மலிவென்று இங்கே வாங்கி வருகிறவர், மேற்பூச்சைப் பார்ப்பதற்கு முன் கீழே படுத்து அடித்தளத்தைப் பார்ப்பது நன்று. இந்த வட்டாரத்துக்கு மற்றொரு நன்மையும் உண்டு. 1980 வாக்கில் அசோக் லேலண்டும் டி.வி.எஸ்ஸும் ஒசூரில் வேரூன்றிய பின், உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு பட்டறைகளும் லேத்துகளும் அவற்றைச் சுற்றிப் பெருகின. ஆகவே வேறிடத்தில் “பார்ட் கிடைக்காது” என்று கைவிடப்படும் வண்டி இங்கே பிழைத்துக்கொள்வதற்கு இடமுண்டு.

ஆயினும் பணக்கணக்குக்குள் அடங்காத ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். அஞ்செட்டிச் சாலையில் இறங்கும்போது பிரேக்கை விடாமல் மிதித்தால், அதன் வெப்பம் பிரேக் ஆயிலுக்கு ஏறுகிறது. அந்த ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்ற வகைக்கு வகுத்துள்ள அளவின்படி, புதிதாய் இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்கலாகாத அந்த ஆயில், ஏறக்குறைய 3.7 சதவீதம் நீர் கலந்துவிட்டால் 140 டிகிரியிலேயே கொதித்துவிடக்கூடும். கொதித்தால் ஆவிக்குமிழிகள் உண்டாகி, மிதித்த பெடல் வெறுமனே தரைவரை போய்விடும். இரண்டாண்டுக்கு ஒருமுறை சில நூறு ரூபாயில் மாற்றிவிடக்கூடியதை மறந்து, வண்டியையே பழிப்பது நியாயமன்று. ஆனால் பழைய வண்டிக்கு எவ்வளவு செலவழித்தாலும் சேர்க்க முடியாதனவும் உண்டு. 2019 ஏப்ரல் முதல் புதிய கார்களுக்கு ஏ.பி.எஸ். பிரேக் கட்டாயமாயிற்று; அதே ஆண்டு அக்டோபரிலிருந்து எல்லாக் கார்களும் மோதல் சோதனையில் தேற வேண்டுமென்று ஏற்பட்டது; 2021ஆம் ஆண்டின் இறுதிக்குள் முன்னிருக்கை இரண்டுக்கும் காற்றுப்பை வேண்டுமென்று விதியாயிற்று. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு நாள்தோறும் நெடுஞ்சாலையில் செல்லும் குடும்பத்துக்கு, கணக்கு என்ன சொன்னாலும், இந்த ஒரு காரணமே மாற்றுவதற்குப் போதுமென்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

நடுவழியில் நின்றுபோவதன் விலையும் ஊருக்கு ஊர் வேறு. குளிர்காலத்தில் பன்னேர்கட்டாவிலிருந்து யானைக்கூட்டங்கள் ஜவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வந்து தங்குகின்றன. அப்பருவத்தில் இரவில் காட்டுச்சாலையில் நின்றுபோகும் வண்டி, நகரத்தின் நடுவே நின்றுபோகும் வண்டியைப் போன்றதன்று. நம்பகம் குறைந்த வண்டி ஒசூர்ச் சாலைக்கு இன்னும் ஓராண்டு போதுமானதாக இருக்கலாம். அஞ்செட்டிச் சாலைக்குப் போதாது.

சட்டம் தன் பங்குக்கு ஒரு கெடு வைத்திருக்கிறது. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும், பின்னர் எஃப்.சி. பார்த்து ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்கலாம். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரல் 1 முதல் 5,000 ஆயிற்று. எல்லைப்புறத்துக்காரர்களுக்கு இன்னொரு விதியும் முக்கியமானது: கர்நாடகப் பதிவுள்ள வண்டி தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் தங்கினால், என்.ஓ.சி. பெற்று இங்கே மறுபதிவு செய்து, வரியும் கட்ட வேண்டும். பெங்களூரில் மலிவாகக் கிடைக்கிறதென்று மாற்றுவண்டி வாங்குபவர் அந்தத் தொகையைக் கிரயத்தோடு சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஹோட்டலிங்குக்கு அறுபதாண்டுகளுக்குப் பின், 1987இல், ஜான் ரஸ்ட் என்ற பொருளாதார அறிஞர் இந்தப் பிரச்சினையை வேறொரு வழியில் அணுகினார். அமெரிக்காவின் மேடிசன் நகரப் பேருந்துப் பணிமனையில் பராமரிப்பு மேற்பார்வையாளராக இருந்த ஹெரால்டு சூர்ச்சர் என்பவர், எந்தப் பேருந்தின் இன்ஜினை எப்போது மாற்றினார் என்ற பத்தாண்டுக் குறிப்புகளை எடுத்து ஆராய்ந்தார். ஓடிய தூரம், மாற்றும் செலவு, நடுவழியில் நின்றால் பயணிகளிடம் ஏற்படும் அதிருப்தி ஆகியவற்றையெல்லாம் சூர்ச்சர் தம் மனத்தில் எடைபோட்டே முடிவு செய்தார் என்று கொண்டால், அவருடைய செயல்கள் கணித விதிக்குப் பெரிதும் பொருந்தின. அந்த ஆராய்ச்சியில் என் மனத்தைக் கவர்ந்தது மற்றொரு செய்தி: குறிப்பேட்டில் ஏறாத, சூர்ச்சருக்கு மட்டுமே தெரிந்த, அந்தந்த வண்டியின் தனி நிலைமைக்கும் ரஸ்ட் தம் சூத்திரத்தில் ஓர் இடம் ஒதுக்கினார்.

நம் வீட்டுக் காருக்கு நாமே சூர்ச்சர். ஒரு நாற்பது பக்க நோட்டில் தேதி, கிலோமீட்டர், போட்ட பெட்ரோல், ஊற்றிய ஆயில், மாற்றிய பாகம், கொடுத்த தொகை, எந்தச் சாலையில் ஓடிற்று என்பன எழுதப்பட்டிருந்தால், மூன்றாண்டுப் பக்கங்களைப் புரட்டினாலே அடுத்த ஆண்டின் செலவு ஏறக்குறையத் தெரிந்துவிடும். விற்கும் நாள் வரும்போது, மாநிலத்துக்குள் என்றால் பதினான்கு நாளுக்குள் உரிமை மாற்றத்தைப் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவித்துவிட்டு, சாவியோடும் ஆர்.சி. புத்தகத்தோடும் அந்த நோட்டையும் வாங்குபவர் கையில் கொடுத்துவிடுங்கள்; மிச்சமுள்ள பக்கங்களில் அவர் எழுதிக்கொள்வார்.