பழைய பைக்: கைமாற்றுவதா, மாற்றியமைப்பதா?

பழைய மோட்டார் சைக்கிளை ஷோரூமில் கொடுத்து, அதன் மதிப்பைக் கழித்துக்கொண்டு புதிய வண்டி வாங்கும் ‘எக்ஸ்சேஞ்ச்’ முறை நல்லதா, அல்லது இருப்பதையே மாற்றியமைப்பது நல்லதா என்ற கேள்விக்கான விடை, எஞ்சினின் நிலையையும் சட்டத்தையும் பொறுத்தது.

சைலன்சரிலிருந்து நீலம் கலந்த வெண்புகை தொடர்ந்து வந்தால், பிஸ்டனைச் சுற்றியுள்ள வளையங்கள் தேய்ந்து, எஞ்சின் ஆயிலும் பெட்ரோலோடு சேர்ந்து எரிவதாக ஐயுறலாம். அத்தகைய வண்டியின் பெயின்ட்டுக்கும் அலாய் வீலுக்கும் செலவிடும் பணம், விற்கும்போது பெரும்பாலும் திரும்பி வருவதில்லை.

எஞ்சின் நலமாக இருப்பினும், பதிவுச் சான்றிதழான ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் தயாரிப்பு நிறுவனத்தின் மூல வடிவமைப்பிலிருந்து வேறுபடும் வகையில் வண்டியைத் திருத்துவதை 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு தடை செய்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, விதிமீறிய ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். எக்ஸ்சேஞ்சில் கொடுப்போரும், பெயர் மாற்றம் முடியும்வரை பதிவேட்டில் தாமே உரிமையாளர் என்பதால், 29, 30ஆம் எண் படிவங்களில் கையொப்பமிடுவதோடு நின்றுவிடாமல், பெயர் மாறியதை உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

ஆகவே, எஞ்சின் உறுதியாக இருந்தால், நிறுவனம் குறித்த அளவிலேயே டயர், செயின் ஸ்ப்ராக்கெட், ஷாக் அப்சார்பர் ஆகியவற்றைப் புதுப்பித்து ஓட்டுவதும், எஞ்சினே தளர்ந்திருந்தால் அலங்காரச் செலவின்றிக் கைமாற்றுவதுமே சிக்கனமான முடிவாகும்.