முதலில் மதர்போர்டைப் பாருங்கள்

தோட்டத்துப் பிள்ளை ஒன்று உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பத்தைப் பாடமாக எடுத்துவிட்டால் வீட்டில் கம்ப்யூட்டர் பேச்சு தொடங்கிவிடும். அது எவ்வளவு பெரிய பேச்சு என்பதற்கு ஒரு கணக்குப் போதும். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று நிர்ணயமானது. அந்தச் சம்பளத்தில் மாதம் 25 நாள் முழுப்பேர் விழுந்தாலும், கழிவுகளுக்கு முன் 33,750 ரூபாய்தான் வந்தது. சீட்டுக் காசு, தீபாவளி முற்பணம், கொழும்பில் வேலைக்கு நிற்கும் அண்ணன் அனுப்பும் பணம் எல்லாம் சேர்ந்தால்தான் அந்தப் பெட்டி லயத்துக்குள் வரும். இரண்டாம் தடவை வாங்க வழியிருக்காது. ஆனால் ஹட்டனிலோ நுவரெலியாவிலோ கடைக்குப் போனதும் கேட்கும் முதல் கேள்வி, “ஐ3யா, ஐ5வா?” என்பதுதான். இருக்கிற காசின் பெரும்பங்கு புரொசசருக்குப் போய்விடும். பிள்ளைகள் பாடப்புத்தகத்தில் தாய்ப்பலகை என்று படிக்கும் மதர்போர்டுக்கு மிச்சம்தான். குறைந்த காசில் வாங்குகிறவர்கள் இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும் என்பதே என் கட்சி.

புரொசசர் லேசில் பழுதாகாது. காசு சேர்ந்த பிறகு மாற்றிப் போடவும் முடியும். எதை மாற்றிப் போடலாம், எவ்வளவு ரேம் ஏற்றலாம் என்பதையெல்லாம் முடிவு செய்வது போர்ட். இதற்குப் பக்கத்திலேயே சான்று இருக்கிறது. இன்டெல் 2015இல் புரொசசர் உட்காரும் எல்.ஜி.ஏ. 1151 என்ற சாக்கெட்டைக் கொண்டுவந்தது. 2017 கடைசியில் வந்த எட்டாம் தலைமுறைப் புரொசசரும் அதே 1151 முனைகளோடுதான் வந்தது. இருந்தும் பழைய போர்டுகளில் அது வேலை செய்யவில்லை. ஏ.எம்.டி.யின் ஏ.எம்.4 சாக்கெட்டின் கதை வேறு. 2017இல் விற்ற மலிவான ஏ320 போர்டுகள் பலவற்றில், பயோஸை மட்டும் புதுப்பித்து 2022இல் ரைசன் 5000 வரிசையை உட்காரவைக்க முடிந்தது. ஒரே வருடம் ஒரே அளவு காசு கொடுத்த இரண்டு வீடுகளில், ஐந்து வருடம் கழித்து ஒரு வீடு புரொசசரை மட்டும் வாங்கியது; மற்ற வீடு போர்டையும் சேர்த்து வாங்க வேண்டியிருந்தது.

அப்படியானால் வேகத்தை விட்டுவிடலாமா என்று கேட்கலாம். பைதன் பழக, தரவுத்தளம் செய்ய, சூமில் டியூஷன் பார்க்க, விண்ணப்பம் நிரப்ப எவ்வளவு வேகம் வேண்டும்? நாலு கோர் உள்ள ஐ3-12100 தாராளமாகப் போதும். ரைசன் 5 5600ஜி இன்னும் கொஞ்சம் மேலே. இரண்டுக்கும் மின்சாரச் செலவு குறைவு; சிறிய யூ.பி.எஸ். தாங்கும். நுவரெலியா 1,800 மீற்றருக்கு மேலே இருக்கிறது. அந்தக் குளிருக்குப் பெட்டியோடு வரும் மின்விசிறியே போதும், தனிக் கூலருக்குக் காசு கொட்ட வேண்டாம். கவனிக்க வேண்டியது ஒரே ஓர் எழுத்தை. புரொசசரின் உலோக மூடியில் 12100க்குப் பின்னால் எஃப் என்ற எழுத்து இருந்தால் அதற்குள் கிராபிக்ஸ் இல்லை. விலை குறைவாகத்தான் இருக்கும், ஆனால் தனிக் கார்ட் போடாமல் திரையில் ஒன்றும் தெரியாது. இந்த ஏ.எம்.டி. வரிசையில் நேர்மாறு: ஜி என்ற எழுத்து இருந்தால்தான் படம் வரும், வெறும் 5600இல் வராது. கடைக்காரர் கொட்டேஷன் எழுதும்போதே அந்த எழுத்தைப் பார்த்துவிட வேண்டும்.

போர்டை முதலில் பாருங்கள் என்றால் விலை கூடிய போர்டை வாங்குங்கள் என்று பொருளில்லை. எச்610, ஏ520 போன்ற அடிமட்ட வகைகளே போதும். ரேமுக்கு இரண்டு இடம் இருக்க வேண்டும். இப்போது 8 ஜிபி ஒன்று, அடுத்த தீபாவளிக்கு இன்னொன்று. புரொசசருக்குள் இருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் கடன் வாங்குகிறது என்பதால், இரண்டாவது ரேம் ஏறியதும் படமும் சுறுசுறுப்பாகும். 2025 கடைசியில் ரேம் விலை உலகெங்கும் ஏறிவிட்டது. பழைய டி.டி.ஆர்.4 ரேமை ஏற்கும் போர்டாக இருந்தால், கைமாறி வரும் ரேம் ஒன்றையும் பயன்படுத்திக்கொள்ளலாம். எம்.2 எஸ்.எஸ்.டி.க்கு இடமும், பழைய மொனிட்டருக்கு வி.ஜி.ஏ. வாயும் இருக்கிறதா என்று பாருங்கள். ஏ.எம்.டி.யின் ஏ.எம்.5 சாக்கெட்டுக்கு எதிர்காலம் நீளம் என்பது உண்மைதான். ஆனால் அது டி.டி.ஆர்.5 ரேமை மட்டுமே ஏற்கும். இந்தக் காசுக்கு இப்போது கட்டாது.

பாதி விலைக்குக் கிடைக்கும் பாவித்த ஐ5 இருக்க இதெல்லாம் எதற்கு என்பது வலுவான கேள்வி. அதைத் தள்ளிவிடக் கூடாது. ஆனால் ஐ5 என்பது வகையின் பெயர். அது வயதைச் சொல்லாது. 4570 என்றால் நாலாம் தலைமுறை, 2013இல் வந்தது. 8400 என்றால் எட்டாவது, 12100 என்றால் பன்னிரண்டாவது. விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்தது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான். கையில் அவ்வளவுதான் காசு என்றால் எட்டாவதோ அதற்கு மேலோ உள்ள பாவித்த பெட்டியை, எஸ்.எஸ்.டி. போட்டு வாங்கலாம். ஆனால் கம்பெனிகளில் இருந்து வரும் சின்னப் பெட்டிகள் பலவற்றில் போர்டும் பவர் சப்ளையும் அந்தந்த நிறுவனத்தின் தனி அளவு. போர்ட் போனால் கடையில் கிடைக்கும் சாதாரண போர்ட் அதில் பொருந்தாது; மிச்சப் பெட்டி மூலைக்குப் போய்விடும்.

லேப்டொப்புக்கு பேட்டரி இருக்கிறதே, கரண்ட் போனாலும் ஓடுமே என்பார்கள். கெம்பஸ் கிடைத்து வீட்டை விட்டுப் போகும் பிள்ளைக்கு அதுவே சரி. அண்ணன் தங்கை மூன்று பேர் வருடக்கணக்கில் பகிர்ந்துகொள்ளும் வீட்டுக்கு, துண்டு துண்டாகப் பழுது பார்க்கக்கூடியதுதான் கட்டுப்படியாகும்.

கடைசியாக ஒரு கேள்வி என் கட்சியின் அடிமடியிலேயே கை வைக்கிறது: மலையில் இடி விழுந்தால் முதலில் போவதே போர்ட், அதை யோசித்து யோசித்து வாங்கி என்ன பயன்? மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரத்து இடிமழை நமக்குப் பழக்கம்தான். பல வீடுகளில் எர்த் ஒழுங்காக இருப்பதில்லை. கருகிய தடம் இருந்தால் உத்தரவாதமும் பொதுவாகச் செல்லாது. எனவே வானம் கறுத்ததும் பிளக்கைக் கழற்ற வேண்டும். ரவுட்டரில் இருந்து வரும் லேன் வயரையும் கழற்ற வேண்டும். பலர் மறப்பது இந்த இரண்டாவதைத்தான். டெலிபோன் கம்பியில் ஏறும் மின்னல் அந்த வழியாகவே போர்டுக்குள் இறங்கிவிடும். அதையும் மீறிப் போர்ட் போனால், மைக்ரோ ஏ.டி.எக்ஸ். போன்ற பொது அளவும் பரவலான சாக்கெட்டும் அப்போதுதான் கைகொடுக்கும். அதே வகைப் போர்ட் ஒன்றை ஹட்டனில் இல்லாவிட்டாலும் கொழும்பு பம்பலப்பிட்டியில் தேடிப் பிடிக்கலாம். தப்பிய புரொசசரையும் ரேமையும் அதில் இருத்தலாம்; பிள்ளை செய்து வைத்த பாட வேலை எஸ்.எஸ்.டி.யில் பெரும்பாலும் அப்படியே இருக்கும்.