நாணயத்தில் ஒரு புலி

உங்கள் பையில் சிங்கப்பூர் ஒரு வெள்ளி நாணயம் இருந்தால் எடுத்துப் பாருங்கள். நடுவே பிறையும் ஐந்து நட்சத்திரங்களும் கொண்ட கேடயம். அதை இடப்புறம் ஒரு சிங்கமும் வலப்புறம் ஒரு புலியும் தாங்கி நிற்கும். சிங்கப்பூருக்குச் சிங்கம் சரி, புலிக்கு அங்கே என்ன வேலை?

ஜொகூரில் தமிழ்ப்பள்ளியிலும் பிறகு தேசியப் பள்ளியிலும் படித்துவிட்டு, ஜூரோங்கிற்குப் பட்டப்படிப்புக்காக வந்தவள் நான். என் கடப்பிதழில் உள்ள மலேசியச் சின்னத்தில் இரண்டு பக்கமும் புலிதான். ஆகவே இந்தக் கேள்வி என்னை விடவில்லை.

கேடயத்தில் விலங்கு வரையும் வழக்கம் ஐரோப்பாவில் 12ஆம் நூற்றாண்டில் வேரூன்றியது. இங்கிலாந்து மன்னர் முதலாம் ரிச்சர்டின் முத்திரையில் மூன்று சிங்கங்கள்! இங்கிலாந்துக் காட்டில் அப்போது சிங்கமே கிடையாது. நம் மூவேந்தரோ அருகில் இருந்ததையே எடுத்துக்கொண்டார்கள்: சோழருக்குப் புலி, பாண்டியருக்கு மீன், சேரருக்கு வில்.

சோழர் என்றதும், நாணயத்தில் இருப்பது இராஜேந்திரனின் புலிதான் என்று நம் மாணவர்களில் சிலர் அடித்துச் சொல்வதுண்டு. கடாரப் படையெடுப்பு நடந்தது உண்மை. ஆனால் இந்தச் சின்னம் ஏற்கப்பட்டது 1959 டிசம்பர் 3ஆம் தேதி. சிங்கப்பூர் அப்போது மலாயாவுடன் இணையக் காத்திருந்த தன்னாட்சி மாநிலம். அந்த உறவின் அடையாளமே இந்தப் புலி. 1963இல் இணைந்து, 1965இல் பிரிந்த பிறகும் யாரும் அதை அகற்றவில்லை. எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

சிங்கத்தின் கதை வேறு. 'செஜாரா மெலாயு' நூலின்படி, சாங் நீல உத்தாமா இத்தீவில் கண்ட விலங்குக்குச் சிவந்த உடல், கறுத்த தலை, வெள்ளை மார்பு. அதைச் சிங்கம் என்றார்கள், சிங்கபுரம் பிறந்தது. இங்கே சிங்கம் வாழ்ந்ததே இல்லை. அவர் கண்டது புலியாக இருக்கலாம் என்பாரும் உண்டு.

புலி இங்கே நிஜமாகவே உலவியது. 19ஆம் நூற்றாண்டில் மிளகு, கேம்பியர் தோட்டங்களுக்காகக் காட்டை அழித்தபோது பல தொழிலாளர்கள் அதற்கு இரையானார்கள். அரசாங்கம் புலித்தலைக்குப் பரிசு அறிவித்தது. 1835இல் நில அளவையாளர் கோல்மன் மீது புலி பாய்ந்த சம்பவம் பின்னர் ஓவியமாயிற்று. அதில் சிதறி ஓடுகிறவர்கள் யார் தெரியுமா? சாலை போடக் கொண்டுவரப்பட்ட இந்தியக் கைதிகள். சோழப் புலியைத் தேடும் நாம் இவர்களை நினைப்பதில்லை.

கடைசிக் காட்டுப்புலி 1930இல் சுவா சூ காங்கில் சுடப்பட்டதாகச் சொல்கிறார்கள். நம் விடுதியிலிருந்து அது பக்கத்து வட்டாரம்தான். பாலத்துக்கு அப்பால், என் நாட்டுக் காடுகளில் இப்போது மீதமிருப்பவை 150க்கும் குறைவு.